சபாவின் சுருதி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றாலே இப்போதும் எனக்கு மூக்கில் பசை வாடைதான் அடிக்கிறது. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ், அதன் லேபிள் கட்டுகளுக்கு நடுவே, தகரக் கூரைக்குக் கீழே, முதுகில் வியர்வை கோடு போட, ஆண்டுக்கு ஒரே ஒரு நாடகத்துக்காகப் பாடிக்கொண்டிருந்தோம். வாரம் முழுக்க வேறொரு ஆபீசில் டைப் அடிப்பேன். வீட்டுக்கு வந்தால் சமையல், துவையல். மிச்சம் கிடைத்த அரை நாளை இங்கே கொண்டுவந்து கொட்டினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் இசை நாடக சபாவில் யாருக்கும் நாடகம் தொழில் கிடையாது. மிருதங்கக்காரருக்கு மணியாச்சியில் ரயில்வே வேலை. ஆர்மோனியம் வாசித்தவர் டெய்லர். காலையில் சர்ச்சில் வாசித்துவிட்டு அதே வெள்ளைச் சட்டையோடு எங்களிடம் வருவார். சபாவைத் தொடங்கியவர், தலைவர், ராஜபார்ட் எல்லாம் ஒருவரே: அந்தத் தீப்பெட்டி ஆபீசின் முதலாளி. நாடகமும் அவர் எழுதியதுதான். ஒரு ராஜா பருத்தி வியாபாரியாக வேடம் மாறி வந்து, கரிசல் காட்டில் காவல் நிற்கும் பெண்ணிடம் விலை பேசுவான். அந்தக் காவல்காரி நான். பேச்சு தர்க்கமாக முற்றும். அவர் ஓர் அடி பாட, அதே மெட்டில் நான் மறு அடி பாட வேண்டும். சனம் அதைக் கேட்கத்தான் வரும். கயத்தாறில் ஒருமுறை லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நின்று கேட்டார்கள்.

சபாவுக்கு ஒரே சுருதி, முதலாளியின் சுருதி. ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையை ஆதாரமாக வைக்கிறோமோ அங்கிருந்துதான் எல்லோரும் கிளம்ப வேண்டும். எண் கூடக் கூடத் தொண்டை மேலே ஏற வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் சேர்ந்தபோது அவருக்கு ஐந்து கட்டை. எனக்கும் அதுதான் வாகு.

பிறகு, தீக்குச்சி மருந்தின் நெடியோ வயதோ, ஒரு ஒத்திகையில் மேலே போன இடத்தில் அவர் குரல் கிழிந்தது. அடுத்த வாரம் டெய்லர் சத்தமில்லாமல் அரைக் கட்டை இறக்கி வாசித்தார். பாடி முடித்த முதலாளிக்கு ஒரே பூரிப்பு.

"பாத்தீயளா, ஒரு வாரம் வெந்நி குடிச்சேன். பழைய சாரீரம் வந்துட்டு."

எப்படிச் சொல்வது? அடுத்த ஆண்டு இன்னும் கொஞ்சம் இறங்கியது. அதற்கடுத்த ஆண்டும். மரியாதை என்று அதற்கு நாங்கள் பெயர் வைத்திருந்தோம். இரண்டாயிரம் பிறந்தபோது சபா ஒன்றரைக் கட்டையில் கிடந்தது. தான் ஐந்தில் பாடுவதாகவே அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

ஒன்றரையில் என் குரல் தரையில் இழுபட்டது. மெட்டு கீழே இறங்கும் இடங்களில் வெறும் காற்றுதான் வந்தது. அந்தம்மாவுக்குத் தொண்டை போச்சு என்றது சனம். முதலாளிக்கு உண்மையிலேயே வருத்தம். பனங்கற்கண்டு பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்புவார். வாங்கிக்கொள்வேன்.

ஒருநாள் டெய்லரிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, என் அடி வரும்போது மட்டும் அஞ்சு வைங்களேன்."

"வச்சா அவியளுக்குத் தெரிஞ்சு போகும்மா."

"எனக்குத் தொண்டை போச்சுன்னு ஊரே பேசுது."

"பேசட்டும். அவியளுக்கு இதை விட்டா என்ன இருக்கு?"

எனக்கு மட்டும் என்ன இருக்கிறது என்ற கேள்வி நாக்கு வரை வந்தது. அலுப்பாக இருந்தது. விழுங்கிவிட்டேன்.

அந்த ஆண்டு வேடம் பிரிக்கும் ஞாயிறும் வந்தது. வெளியே ஆடிக் காற்று கரிசல் புழுதியை வாரி ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. முதலாளி என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"தாயி, மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத. இந்தத் தடவை நீ காவக்காரியோட ஆத்தா வேசம் கெட்டு. பாட்டு கிடையாது, தொண்டைக்கும் ரெஸ்ட்டு. காவக்காரிக்கு வெளியூர்ல ஒரு ஆளைப் பாத்து வச்சிருக்கேன்."

மிருதங்கக்காரர் வாரை இழுத்து இழுத்துப் பார்த்தார். அழுதிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம். இரண்டுக்கும் தெம்பில்லை.

"சரி முதலாளி. கடைசியா ஒரு தடவை தர்க்கம் பாடிட்டு விட்டுருதேன்" என்றேன். டெய்லர் பக்கம் திரும்பி, "அஞ்சு வைங்க அண்ணாச்சி."

டெய்லரின் கை துருத்தியிலேயே நின்றுவிட்டது. "எப்பவும் அதுதானம்மா" என்று முனகினார்.

"எப்பவும் அதுதானவே. வையும்" என்றார் முதலாளி.

வைத்தார். நிஜமான ஐந்து.

விலையை நீ சொல்வாயா நான் சொல்வேனா என்ற அடி. என் குரல் இத்தனை நாளும் எங்கே போய்ப் படுத்திருந்ததோ, அங்கிருந்து எழுந்து வந்தது, கசங்காமல், கோபம்கூட இல்லாமல். கேட்டில் இருந்த வாட்ச்மேன் உள்ளே எட்டிப் பார்த்தார். முதலாளிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"கற்கண்டு வேலை செஞ்சிட்டுல்லா" என்றபடி எழுந்து நின்று தன் அடியை எடுத்தார்.

எடுத்த இடத்தில் குரல் இல்லை. மறுபடி எடுத்தார். இருமல் வந்தது. கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, டெய்லரின் விரல்கள் இருந்த இடத்தைக் குனிந்து பார்த்தார்.

"வே, போன வருசம் எங்கன வச்சீரு?"

டெய்லர் விரலைக் கீழே நகர்த்தி அழுத்திக் காட்டினார்.

"அதுக்கு முந்தி?"

அதற்கு மேலே ஒரு கட்டை. அதற்கும் முந்தி, இன்னும் மேலே ஒன்று. ஒவ்வொன்றும் தனித்தனியாக முனகி அடங்கியது.

முதலாளி என்னைப் பார்த்தார். "உனக்கும் தெரியுமோ?"

தலையாட்டினேன்.

"தெரிஞ்சிக்கிட்டேதான் கற்கண்டைத் தின்னியாக்கும்."

வேடிக்கை மாதிரிதான் சொன்னார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தன் அறைக்குப் போனார். டீ வந்தது, ஆறியது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

"வெளியாளு வேண்டாம். தாயி பாடட்டும், அஞ்சுலயே."

"எதுத்துப் பாடுததுக்கு ஆளு?" என்றார் டெய்லர்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஐந்து கட்டைக்கு எங்களில் எந்த ஆணுக்கும் குரலில்லை. மிருதங்கக்காரர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நீங்க வசனமாப் பேசிருங்க முதலாளி."

அந்த ஆண்டு அப்படித்தான் நடந்தது. ராஜா பேசினார், காவல்காரி பாடினாள். ராஜா என்ன, கணக்குப்பிள்ளை மாதிரி பேசுதாரு என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னது மேடைக்கே கேட்டது. என் குரல் கூட்டத்தின் கடைசி வரை போனது, எனக்கே தெரிந்தது. இவ்வளவு நாள் ஆசைப்பட்டது அதற்குத்தான். என் அடி முடிந்த ஒவ்வொரு முறையும், பழக்கத்தில், அவர் வாய் பாடத் திறந்தது. மூடியது. அப்புறம் பேசியது. நான் என் முறைக்காகக் காத்து நின்றேன், கால் வலிக்க.