அம்மாவின் தோடு

எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுக்கும் பெண்கள் அதற்கு முன் நகைகளைக் கழற்றிவிட வேண்டும். பொன்னை நம்பி வாழ்ந்துவிடக் கூடாது என்பதற்காக. நான் பதினேழு வயதில் கழற்றினேன். இருந்தது ஒரு பொட்டுக் கம்மல்தான். அதை விற்று, மேலே கொஞ்சம் போட்டு, கல்லூரிக்குப் போக பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று அப்பா கைக்கடிகாரம் வாங்கித் தந்தார். தங்க நிறச் சங்கிலி வைத்தது. சபையில் பாதிப் பேர் கையில் அப்படி ஒன்று இருந்தது. யாரும் அதை நகையில் சேர்க்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தொண்ணூறுகளின் நடுவில், சோமனூரிலிருந்து பீளமேட்டுக் கல்லூரிக்குப் போய்வந்தேன். தறிக்கூடத்தில் நூல் சுற்றும் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. சாயங்காலம் வேதத்தை நான்தான் வாசித்துக் காட்டுவேன். வாசிக்கத் தெரிந்ததாலேயே அதன் பொருளும் எனக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

என் இரண்டாம் வருடத்தில் அம்மா ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்தாள். தோட்டை மட்டும் கழற்றவில்லை. பாஸ்டர் குறித்த தேதியை இரண்டு முறை தள்ளிப்போட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. மூன்றாவது தேதிக்கு முந்தின நாள், பூமியில் செல்வம் சேர்ப்பதைப் பற்றிய பகுதியைத் தேடி எடுத்து உரக்க வாசித்தேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"முடிஞ்சுதுங்களா டீச்சரம்மா?"

"வெளையாடாதம்மா. ஒரு தோட்டுக்காக ஆண்டவரையே காக்க வெச்சிருக்கற."

"உன்ற கையில மினுக்கறது என்ன கண்ணு, தகரமா?"

"இது நேரம் பாக்கறதுக்கு."

"இந்தத் தோடும் சும்மா தொங்கலீங்க அம்மணி. வருசத்துக்கு ரெண்டு தடவ அடகுக்கடைக்குப் போயிட்டு வருது. அப்பறந்தான் நீ பரீட்சை எழுதற. இத வித்துப்போட்டா அடுத்த ஃபீசுக்கு என்ற காதையா அறுத்து வெக்கறது?"

அப்பா முதலாளியிடம் முன்பணம் வாங்கிக் கட்டுகிறார் என்றுதான் எண்ணியிருந்தேன். சில மாதங்களில் அம்மாவின் காதுகளில் தோட்டுக்குப் பதில் வேப்பங்குச்சி இருக்கும். கேட்டால் புண் என்பாள். அந்தப் புண் ஏன் ஜூனிலும் டிசம்பரிலும் மட்டும், அதுவும் இரண்டு காதிலும் சேர்ந்தாற்போல் வருகிறது என்று, அத்தனை படித்த நான் யோசித்ததே இல்லை.

வேதத்தை மூடி வைத்தேன்.

மறுநாள் கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் ஞானஸ்நானம். இறங்கப் போகும்போது, யாரும் சொல்லாமலே அம்மா தோட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள்.

"என்ன பண்ணோணுமோ நீயே பண்ணு."

"அப்ப ஃபீசு?" என்றேன். முதலில் வாயில் வந்தது அதுதான்.

"நேத்து அத்தன சத்தமாப் படிச்சயே, அதுல போடலையா?" என்று சிரித்தபடி இறங்கினாள்.

சுற்றி நின்றவர்கள் பாடத் தொடங்கினார்கள். எங்கள் சபையில் கைதட்டாமல் பாட்டே கிடையாது. பக்கத்தில் நின்ற அக்கா ஒருத்தி, நீயும் தட்டு என்று எனக்கு ஜாடை காட்டினாள். என் வலது கை தோட்டின்மேல் இறுக மூடியிருந்தது. பாட்டு முடியும்வரை அதைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.