தண்ணீரைச் சுற்றிய கோடுகள்

நான்கு நாள்காட்டித் தாள்களைப் பின்பக்கம் தெரிய ஒட்டிச் செய்த பெரிய தாள். நடுவில் ஒரு வட்டம், அதற்குள் 'தண்ணீர்'. குண்டசாலையில் எங்கள் சிறிய தொண்டு அலுவலகத்தின் மேசையை அது மூடிக் கிடந்த காலையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு ஒன்று மட்டும் பிடிபடுவதில்லை. அன்று எல்லாமே எங்கள் கண்முன் இருந்தது. பிறகு எங்கே போனது?

எங்கள் பொறுப்பாளரை மேடம் என்போம். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட ஏழு வயது இளையவர். ஹுன்னஸ்கிரியப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்துக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, ஊற்றுத் தண்ணீர் கொண்டுவர வேண்டும். திட்டம் எழுதுமுன் நடுவில் ஒரு சொல்லும் சுற்றிலும் கால்கள் போலக் கோடுகளுமாக மனவரைபடம் வரைந்தே ஆக வேண்டும் என்பது அவர் பிடிவாதம். "முதல்ல சிலந்தியைக் கீறுவம்" என்பார். நான் ஒன்று, இரண்டு என்று இலக்கமிடத் தொடங்கினால் சிரிப்பார். "அண்ணை, இதென்ன சங்கக்கடையே, எல்லாம் வரிசையில நிக்க? மனசில வாறதைக் கொட்டுங்கோ."

கொட்டினோம். குழாய், தொட்டி, அனுமதி, அட்டைக்கடி, மழை. பஸ் ஏறி வந்திருந்த தோட்டத்து மாதர் சங்கத் தலைவி பேனையை வாங்கி ஓர் ஓரத்தில் 'யாரு திறக்கிறது?' என்று எழுதினார். மறு ஓரத்தில் 'கொழுந்து நிறுக்கிற நேரம்'. இரண்டையும் ஒரு நீண்ட கோட்டால் இணைத்தார். வேலியைப் பொருட்படுத்தாத ஆடு போல அது எல்லாக் கிளைகளையும் வெட்டிக்கொண்டு போனது. அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததுதான் வினையோ?

திட்டத்தை எழுதும் வேலை என்னுடையது. அட்டவணையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி: என்ன, யார், எப்போது. அந்தக் கோட்டை எந்த வரியில் வைப்பது? இரண்டு நாள் யோசித்தேன். பிறகு, 'தினமும் இரண்டு மணி நேர விநியோகம், பொறுப்பு: தோட்டக் காவலாளி' என்று எழுதிவிட்டேன். மேடம் வாசித்தார். கையொப்பமிட்டார்.

தொட்டி எழுந்து சில மாதங்களில் மலையேறிப் பார்த்தேன். காவலாளி தவறாமல் காலை பத்துக்குத் தொட்டி வால்வைத் திறந்து பன்னிரண்டுக்குப் பூட்டுகிறார். பெண்கள் எல்லோரும் அப்போது மலையில் கொழுந்து பறிக்கிறார்கள். லயத்துக்கு ஒரே குழாய். அதன் கீழே வைத்துவிட்டுப் போன முதல் வாளி நிறைகிறது, அதை எடுத்து அடுத்ததை வைக்க ஆளில்லை, மீதியெல்லாம் வடிகானில் ஓடுகிறது. மாலை ஐந்து மணிக்குக் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிறவர்கள் பழையபடி குடத்தோடு ஓடைக்கு இறங்குகிறார்கள்.

"தண்ணி டயத்துக்கு வருதுங்க சார்," என்றார் தலைவி. "நாங்கதான் அந்த டயத்துக்கு வர முடியல." கேலியா, ஆறுதலா, இன்றைக்கும் விளங்கவில்லை.

வேலையை விட்டு யாழ்ப்பாணம் திரும்பிவிட்ட மேடத்துக்கு அழைத்துச் சொன்னேன். "ஓம் அண்ணை, அந்தக் கோடு எனக்கும் ஞாபகம். கையெழுத்து வைக்கேக்க அது எங்கையெண்டு நானும் கேக்கேல்லையே," என்றார். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் யாருடைய பிழை என்றாவது தெரிந்திருக்கும்.

இப்போது அலுவலகத்தில் என்னைத் திருத்தத் திட்டம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் வெறும் தாளோடு மேலே போனேன். நடுவில் 'தண்ணீர்' என்று எழுதக் குனிந்தபோது தலைவி பேனையை வாங்கிக்கொண்டார்.

"அதுதான் இருக்குதுங்களே சார்."

'அஞ்சு மணி' என்று நடுவில் எழுதி வட்டமிட்டார். அதிலிருந்து முதல் கோட்டை எந்தப் பக்கம் இழுப்பதென்று எனக்குத் தெரியவில்லை. பேனையைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.