சாக்ஸ் மாட்டிய மைக்

எழுத்து எனக்குப் பழக்கமில்லாத வேலை. பத்தாவதோடு நின்றவன், நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன். இதையெல்லாம் எழுத நீ யார் என்று கேட்டால் பதில் இல்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் அந்த மைக் கண்ணிலேயே நிற்கிறது. ஸ்டூல்மேல் ஒரு சின்ன மைக். மூச்சுக்காற்று மோதாமல் இருக்க அதற்கு ஒரு சாக்ஸ் மாட்டியிருக்கும். கம்பெனியில் சேஃப்டி ஷூவோடு கொடுத்த சாம்பல் நிற சாக்ஸ். துவைத்ததுதான் என்று மாடியில் குடியிருந்த தம்பி சத்தியம் செய்வார். இப்போது யார் வேண்டுமானாலும் போனை நீட்டிப் பதிவு செய்துவிடுகிறார்கள். அன்று அதற்கு ஒரு அறையையே தயார் செய்ய வேண்டியிருந்தது.

தம்பி, வல்லம் வடகாலில் எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தவர். திருநெல்வேலிப் பக்கம். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்தால் லேப்டாப்பும் டேட்டா கார்டும்தான். முகம் தெரியாதவர்கள் இண்டர்நெட்டில் சேர்ந்து பாட்டு செய்கிறார்கள் என்றார். ஒரு நாட்டில் ஒருவர் மேளம் தட்டி அனுப்புவார். வேறு நாட்டில் ஒரு அம்மா அதன்மேல் கிடார் வாசித்துச் சேர்ப்பார். யாரும் தன் சத்தத்தைக் கொடுக்கலாம். நான் வேறொரு கம்பெனியில் லைனில் இருந்தேன். ஒருத்தன் போல்ட்டை வைக்க அடுத்தவன் முடுக்குவதைப் போலத்தானே என்றேன். "அதேதான் அண்ணாச்சி. சூப்பர்வைசர் மட்டும் கிடையாது."

நான் விசிலடிப்பேன். எந்தப் பாட்டும் இல்லை, வாய்க்கு வந்தது. பைக் துடைக்கும்போது அதைக் கேட்ட தம்பி, பாட்டில் சேர்த்தே ஆக வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். ஞாயிறு சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். அப்புறம் வாங்க மாட்டார்கள். வேண்டாம் என்று சொன்னேனே தவிர, உள்ளுக்குள் ஆசை. அந்த வயதுவரை என் சத்தத்தை யாரும் கேட்டு வாங்கியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜன்னலில் போர்வை கட்டி, ஃபேனை நிறுத்தி, என்னை மைக் முன்னால் நிறுத்தினார். சாக்ஸைப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. சிரித்தால் உதடு குவியாது, வெறும் காற்றுதான் வரும். சிரிப்பு அடங்கினால் வாய் உலர்ந்துவிடும். தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தால் மறுபடி சாக்ஸ். பக்கத்து அறைப் பையன் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, காத்து இறங்குது? பஞ்சரா?" என்றதில் மிச்சமும் போயிற்று. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. "வுடுங்க தம்பி, நமக்கு வராது" என்று கிளம்பினேன். அவர் முகம் வாடியது. என் முகத்தை நான் பார்க்கவில்லை.

அப்போது என் மனைவி மாடியேறி வந்தாள். "யோவ், இன்னா மனுசன்யா நீ? சிலிண்டர் மாத்தச் சொல்லி எவ்ளோ நேரம் ஆவுது? அடுப்புல சோறு பாதி வேக்காட்டுல கீது. இங்க போர்வைய மாட்டிக்கினு இன்னா பண்ணிக்கினு கீற?"

அவள் திட்டினால் எனக்கு விசில்தான் வரும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். எங்காவது திரும்பிக்கொண்டு மெல்ல விசிலடிப்பேன். அன்றும் போர்வையைப் பார்த்தபடி அடித்தேன். "தோ, ஆரமிச்சிட்டாரு!" என்று அவள் குரலை ஏற்ற, என் விசிலும் ஏறியது. தம்பி மைக்கை நிறுத்தவே இல்லை. நிறுத்தாதீங்க என்று இரண்டு கையாலும் அவளைக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

இரண்டு சத்தமும் ஒன்றாகப் பதிந்துவிட்டன, பிரிக்க முடியாது. தம்பி மன்னிப்புக் கேட்டு எழுதி அப்படியே அனுப்பினார். கிடார் அம்மா பதில் போட்டிருந்தார்: மேளத்தைக் குறைத்திருக்கிறேன், அந்தப் பெண்ணின் குரல் இருக்கட்டும், விசிலடித்தவர் தப்பித்தாரா? தமிழ் தெரியாதவருக்கும் விஷயம் புரிந்திருந்தது.

பாட்டு முழுதாக வந்த அன்று தம்பி லேப்டாப்பைக் கீழே கொண்டுவந்தார். கிடாருக்கு நடுவில் என் விசில் எழுந்தது. அது நடுங்கவே இல்லை. நானா இது என்று தலையைக் குனிந்துகொண்டேன். என் மனைவி அசையாமல் கேட்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

"நல்லாத்தான் கீது. என் கொரலுதான் சின்னதா கேக்குது. கொஞ்சம் தூக்கி வெக்கச் சொல்லு தம்பி."

"சொல்லிருதேன் மதினி" என்றார் தம்பி.

மறுநாள் எனக்கு முதல் ஷிப்ட். போய்விட்டு வந்தேன். கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை.