வலது ஓரத்தில் நின்ற முகம்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உங்களில் பலருக்கு அவரைத் தையல் டீச்சராகத்தான் தெரியும். மாத்தளைக் கடைத்தெருவில் பழைய படங்களின் டிஸ்க் விற்றவர்களுக்கோ அவரைக் கண்டால் கொஞ்சம் பயம். "டீச்சர் வர்றாங்க" என்றால் நல்ல பிரதியைத் தேடி எடுத்து வைத்துவிட்டுத்தான் வாய் திறப்பார்களாம்.

அக்கா பிறந்தது மாத்தளைக்கு வடக்கே நாவுல என்ற ஊரில். அப்பா அங்கே சிறிய பலசரக்குக் கடை வைத்திருந்தார். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா காலமானார். பள்ளிக்கூடம் போகும் வயதில் அக்கா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டார். பிறகு இறக்கி வைக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இனக்கலவரத்தில் கடையோடு வீடும் எரிந்தது. உயிர் தப்பி மாத்தளைக்கு வந்து சேர்ந்தோம். சுவரில் தொங்கிய அம்மாவின் ஒரே படமும் அந்தத் தீயில் போயிற்று. அம்மாவின் முகம் எனக்குத் தெரியாது.

அந்தக் குறை என்னைவிட அக்காவைத்தான் அரித்தது. ஒருநாள் வாடகைக்கு எடுத்த வீடியோ கசெட்டில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டுக் காட்சியில், கூட்டத்தின் வலது ஓரத்தில், பெயர் தெரியாத துணை நடிகை ஒருவர் தாம்பாளத்துடன் நின்றார். அக்கா துள்ளி எழுந்தார். "தங்கச்சி, ஓடி வா! அம்மா இப்படித்தான் இருப்பாங்க!" ஓடிப்போய்ப் பார்த்தேன். தேய்ந்த படத்தில் கீறல்கள் மழையாய்ப் பெய்துகொண்டிருந்தன. மழைக்குள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

அக்காவுக்குப் படப் பைத்தியம் என்று நீங்கள் கேலி செய்தது இதைத்தான். அந்த ஒரு முகத்தை எனக்குத் தெளிவாகக் காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. டீவியில் அதே படம் வந்தபோது சனலின் சின்னம் சரியாக அந்த முகத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. அடுத்து வாங்கிய சீடியில் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. இன்னொன்றில் அகலத் திரைக்காக இழுத்து எல்லோரையும் குண்டாக்கியிருந்தார்கள். பிறகு கடைக்காரத் தம்பி, "கலர்லயே வந்திருச்சு டீச்சர்!" என்று பெருமையாக ஒன்றை நீட்டினார். அக்கா மறுநாளே அதைத் திருப்பிக் கொண்டுபோனார். "எல்லாருக்கும் ஒரே மஞ்சளப் பூசி வச்சிருக்காங்க தம்பி. சேல எது, கை எதுன்னு தெரியல. கறுப்பு கறுப்பா இருக்கிறதையே குடுங்க." சேலையின் நெசவு தெரிந்தால்தான் அவருக்கு அது நல்ல பிரதி.

நோய் வந்து அக்கா வீட்டோடு முடங்கிய காலத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த அவரது மகன், மூலப் படச்சுருளிலிருந்து சுத்தம் செய்த டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தான். போட்டோம். கீறல் மழை விட்டிருந்தது. சரிகை இழைகூடத் தெரிந்தது. அந்த முகம் வந்ததும் அக்கா நிறுத்தச் சொன்னார்.

"இல்லடி. இது அம்மா இல்ல. அம்மாவுக்கு நெத்தி இப்படி ஏறியிருக்காது. மங்கலா இருந்ததுல நான்தான் ஏமாந்துட்டேன்." கலவரத்தன்றுகூட அழாதவர் அன்று அழுதார். "ஒனக்குக் காட்டாமலே போயிருவேன் போல."

அந்த ஏறிய நெற்றியை, சிரிப்பை அடக்கும் அந்த வாயைப் பார்த்துத்தானே நான் வளர்ந்தேன்! "அக்கா, இது நீங்கதான்."

"போடி, அவ எங்க, நான் எங்க!"

மகனும் "ஆமாம்மா" என்றதும் அக்கா முகம் பார்க்கும் கண்ணாடியைக் கேட்டார். அதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் கன்னத்தைத் தொட்டார். "மங்கலா பாத்தா அம்மா, தெளிவா பாத்தா நானா? அப்ப ஒனக்கு அம்மா மொகம் தெரியும் புள்ள. தெனமும் பாத்திருக்க."

சில வாரங்களில் அக்கா கண்ணை மூடினார். கடைசிவரை கவனித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், தினமும் இலைக்கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவுக்கும், கடையைப் பூட்டிவிட்டுப் பந்தல் போட வந்த டிஸ்க் கடைத் தம்பிக்கும், தோள் கொடுத்த உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இம்மலரின் அட்டையில் உள்ள அக்காவின் படத்தை அச்சகத்தார் முதலில் சுருக்கம் நீக்கி, வெளுப்பாக்கித் தந்தார்கள். அக்கா இருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பார்; நாங்களும் கொடுத்தோம். உங்கள் கையில் இருப்பது யாரும் கைவைக்காத முகம். எங்கள் அம்மாவைக் கண்ட பெரியவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து கண்ணைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு பாருங்கள். அவர் தெரிகிறாரா என்று எனக்குச் சொல்லுங்கள்.