குழாயில் திரண்ட வெள்ளை

ஏழாம் மாதத்தில் முதலில் கண்டது நுரை. குளியலறையில் சிறுநீர் சோப்புத் தண்ணீர்போல் நுரைத்து நின்றது. செம்பு செம்பாக ஊற்றியும் லேசில் போகவில்லை. யாரிடம் சொல்வது? கால் வீக்கத்தைத்தான் மறைக்க முடியவில்லை. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே கிடந்தது. என் கால்தானா என்று அருவருப்பாக இருந்தது.

“தலைச்சன் புள்ளைக்கு இம்புட்டு வீங்கத்தான் செய்யும்,” என்றார் மாமியார்.

முகமும் ஊதியபோது கணவர் பயந்துவிட்டார். சிம்மக்கல்லிலிருந்து குதிரைவண்டி வைத்துப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா ஒரு குப்பியைத் தந்து சிறுநீர் பிடித்துவரச் சொன்னார். இளஞ்சூடாக இருந்த அதை முந்தானைக்குள் மறைத்து, ஆண்கள் நின்ற நடைவழியே எடுத்துவந்தேன். உடம்பெல்லாம் கூசியது.

அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நாற்றம் எழுந்தது. தெளிந்திருந்த நீர் கலங்கி, வெள்ளையாகத் திரண்டது. ஒரு சொட்டு அமிலம் விட்டும் கரையவில்லை.

“இது அல்புமின்,” என்றார் (ரத்தத்தில் இருக்கவேண்டிய புரதச் சத்து). “முட்டை வெள்ளைக்கரு மாதிரி. சிறுநீர்ல இறங்கக் கூடாது.”

“இம்புட்டும் வெளிய போனா புள்ளைக்கு என்ன மிஞ்சும் டாக்டரம்மா?” என்று கேட்டார் கணவர்.

“முதல்ல இவங்களுக்கு வலிப்பு வராமப் பாக்கணும். இங்கேயே படுக்கட்டும்.”

உப்பில்லாக் கஞ்சி, பால், மலஜலத்துக்கும் படுத்த இடத்திலேயே தட்டு. காலைதோறும் என் மூத்திரம் கொதிக்கும் வாடை. அந்த வெள்ளை எனக்குள்ளிருந்துதான் வருகிறது என்று நினைத்துப் பாலைத் தள்ளிவைப்பேன்.

சில வாரம் கழித்து ஒரு மதியம் தலை பிளந்தது, கண் மங்கியது. டாக்டரம்மா காத்திருக்கவில்லை, வலி வர மருந்து கொடுத்துப் பிரசவம் பார்த்தார்.

பெண் குழந்தை. மேலெல்லாம் வெள்ளைப் பிசுக்கு. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“தொடச்சுட்டுக் குடுங்க.”

“எல்லாப் பிள்ளைக்கும் இருக்கறதுதாம்மா,” என்றார் நர்ஸ்.

துடைத்தபின் வாங்கினேன். உயிரோடு இருந்தாள், அழவும் செய்தாள்.

வீக்கம் வடிந்தது. கடைசியில் ஒரு காலை, குழாயில் எதுவும் திரளவில்லை. “அடுத்த தடவை மூணாம் மாசமே வந்துடணும்,” என்றார் டாக்டரம்மா.

“அடுத்ததுன்னு ஒண்ணு வேணாம் புள்ள,” என்றார் கணவர்.

கர்ப்பக் காலத்தில் இப்படி நுரையைக் கண்டால், உடம்பு கூசினாலும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். என் அருவருப்பு இன்னும் முழுக்கப் போகவில்லை. வரும் மாதங்களுக்கு முன்கூட்டியே திட்டம் போடும் பழக்கமும் போய்விட்டது. அடுத்த பிள்ளை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ, இந்த உடம்பைக் கேட்காமல் எதற்கும் வாக்குக் கொடுக்க இனி என்னால் ஆகாது.