தலைவியர் முகாமில் சமைத்த மீன்

கிராம சேவிகா வேலைக்கு உத்தரவு வாங்கிக்கொண்டு நான் தொண்டிக்குப் போனது ஐம்பதுகளின் கடைசியில். மதுரைப் பக்கத்தில் வளர்ந்தவள் நான். கருவாட்டு வாடை முதல் மாதம் படுத்தி எடுத்தது. பிறகு பழகிவிட்டது.

பிளாக் ஆபீஸில் எனக்குக் கொடுத்த முதல் வேலை, ஊருக்கு இரண்டு பெண்களைத் தேர்ந்து கொடுப்பது. அவர்களுக்கு ஒரு வாரம் பயிற்சி தந்து மாதர் சங்கத் தலைவிகளாக்குவது, ஒரு ஊர்க்காரி இன்னொரு ஊர்க்காரியோடு தொடர்பு வைத்துக்கொள்ளச் செய்வது, இதுதான் திட்டம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நம்பித்தான் நானும் கடற்கரை ஊர்களுக்கு நடந்தேன்.

தொண்டிக்குத் தெற்கே ஒரு மாதா கோயில் ஊர். நான் போன அன்று அங்கே ஒரே அழுகை. முந்தின நாள் காற்றில் ஒரு வள்ளம் திரும்பவில்லை. ஆண்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கருவாடு விற்கிற ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், அழுகிறவர்களை அதட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏலா, நீ நம்புதாளைக்கு ஓடு. அங்கன என் கொழுந்தியா இருக்கா. வள்ளம் ஒதுங்குச்சான்னு கேளு, இல்லைன்னா அடுத்த ஊருக்கு ஆள் விடச் சொல்லு. இவளே, நீ அந்தப் புள்ளத்தாச்சி வீட்டுல போய் இரு. அவளைத் தனியா விடாத."

மத்தியானத்துக்குள் செய்தி வந்துவிட்டது. தூரத்து ஊர் ஒன்றில் வள்ளம் கரை ஒதுங்கியிருந்தது. ஆட்களுக்குச் சேதமில்லை. நான் வேறு யாரையும் தேடவில்லை. அவளிடமே முகாமுக்கு வருகிறாயா என்று கேட்டேன்.

"அங்கன போயி என்ன செய்யணும்?"

"தலைவியா இருக்கக் கத்துக்கணும்."

அவள் சிரித்துவிட்டாள். ஆனாலும் வந்தாள். பக்கத்துக் கடற்கரை ஊர்களிலிருந்து இன்னும் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு வந்தாள்.

முகாம் மேற்கே, வயக்காட்டு ஊர் ஒன்றில் நடந்தது. அந்த ஊரின் பெரிய பண்ணை வீட்டுக்காரர்களின் நெல் கொட்டகைதான் இடம். எங்கள் பிளாக் அதிகாரி தங்கியதும் அந்த வீட்டில்தான். பயிற்சி தொடங்குவதற்கு முன்பே பண்ணை வீட்டு அம்மாள் வட்டார மாதர் சங்கத் தலைவியாகிவிட்டார். அவரை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் கேட்டேன். "ஊரே ஏகமனதா" என்றார் அதிகாரி. ஊர்ப் பெண்களில் பாதிப்பேர் அப்போது நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதல் நாள் காலையில் கொட்டகைக்குள் பாய் விரித்திருந்தது. பண்ணை அம்மாள் மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தக் கடக்கரைப் பொம்பளைகளை வெளியில தாழ்வாரத்துல உக்காரச் சொல்லும்மா. எங்க ஆளுகளுக்குக் குமட்டுது."

நான் அதிகாரியிடம் போனேன். அவர் வெற்றிலை மென்றுகொண்டே, "முதல் நாளே வில்லங்கம் பண்ணாதீங்கம்மா. அனுசரிச்சுப் போறதும் தலைமைப் பண்புதான்" என்று சொல்லிவிட்டு, கொட்டகைச் சுவர் ஓரமாகத் துப்பினார். அந்தச் சிவப்பு எச்சில் சுவரில் வழிந்து இறங்கியது.

அவர்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்தார்கள். உள்ளே அதிகாரி ஒற்றுமையைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார். பாதி வெளியில் கேட்கவில்லை. மறுநாள் மேடைப் பேச்சுப் பயிற்சி. பண்ணை அம்மாள் அதிகாரி எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தார். மற்றவர்கள் கை தட்டப் பழகினார்கள். எப்போது தட்ட வேண்டும் என்பதை அதிகாரி சைகையால் காட்டினார். கடைசி நாள் மேலதிகாரி வரும்போது பிசகக் கூடாதாம். இதற்காகவா இந்தப் பெண்களை வேலை கெடுத்துக் கூட்டி வந்தேன் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியில் உட்கார்ந்திருந்தவர்களோ தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த ஊர்க்காரிக்கு எந்த ஊரில் சம்பந்தம், எந்தச் சந்தையில் தரகன் தொல்லை, எந்த பஸ்ஸில் கூடையை ஏற்றவிட மாட்டான். நானும் பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

கடைசி நாள் விருந்து. மேலதிகாரிக்கு மீன் பிரியமாம். கடற்கரைப் பெண்களிடம் மீன் கொண்டுவரச் சொன்னார்கள். ஊருக்கு ஆள் விட்டுக் கொண்டுவந்தார்கள், நல்ல விளைமீன். கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து அவர்களே செதில் உரசி, கழுவி, நறுக்கிக் கொடுத்தார்கள். சமையல் பண்ணை வீட்டு அடுப்பில். குழம்பு கொதித்தபோது கொட்டகையே மணத்தது. யாருக்கும் குமட்டவில்லை.

அதிகாரிகள் முதல் பந்தி. மேலதிகாரி விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டார். எங்கள் அதிகாரி தலைத்துண்டைக் கேட்டு வாங்கி உறிஞ்சினார். முள்ளை இலைக்கு வெளியில் துப்பினார். பண்ணை அம்மாள் பக்கத்தில் நின்று, "இன்னும் ரெண்டு துண்டு வைக்கச் சொல்லவா?" என்று உபசரித்தார். அடுத்த பந்தி வயக்காட்டு ஊர்ப் பெண்களுக்கு. கடற்கரைப் பெண்களுக்கு எங்கே என்று பார்த்தேன். மாட்டுக் கொட்டடி ஓரத்தில் இலை போட்டிருந்தது. எட்டடி தள்ளிக் குப்பைக்குழி. ஈ மொய்த்தது.

கருவாட்டுக்காரப் பெண் இலையையும் குழியையும் பார்த்தாள். பிறகு நேராகக் கொட்டகைக்குள் வந்து, கை கழுவிக்கொண்டிருந்த அதிகாரியிடம் சத்தம் போடாமல் கேட்டாள்.

"அய்யா, நாங்க கொண்டாந்த மீனு மணக்குது. நாங்க மட்டும் நாறுறோமாக்கும்?"

அதிகாரி இன்னொரு தரம் கை கழுவினார். பண்ணை அம்மாள், "சாப்பாட்டு நேரத்துல என்ன பேச்சு இது" என்றார்.

"நாங்க சாப்பிடலைம்மா. போறோம்."

கூடைகளை எடுத்துக்கொண்டு அவர்கள் ரோட்டைப் பார்த்து நடந்தார்கள். நானும் இலையில் உட்காராமல் பின்னாலேயே போனேன். என்னால் அங்கே ஒரு வாய் தண்ணீர் குடித்திருக்க முடியாது.

பஸ் வந்தது. கண்டக்டர் கூடைகளைப் பார்த்ததும், "கூடையோட ஏறாதீங்க, மத்தவங்க சண்டைக்கு வருவாங்க" என்று விசில் கொடுத்துவிட்டான். நடக்க வேண்டியதாயிற்று. வெயில். பசி. ஒருத்தி அழுதுகொண்டே வந்தாள். கருவாட்டுக்காரப் பெண் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"ஒருத்தியா நின்னா விசில் குடுத்துட்டுப் போயிருவான். அத்தனை ஊர்க்காரியும் ஒரே இடத்துல நின்னா?"

மாதா கோயில் கொடியேற்றத்துக்கு எல்லாக் கடற்கரை ஊர்ப் பெண்களும் வந்தார்கள். அங்கே பேசி முடித்தார்கள். அடுத்த வாரம் ஒருநாள் காலையில் தொண்டி பஸ் நிற்கிற இடத்தில் வரிசையாகக் கூடைகள், பின்னால் பெண்கள். பஸ் நகர வழியில்லை. பஸ் முதலாளி வந்தார். திட்டினார், கெஞ்சினார், கடைசியில் ஒத்துக்கொண்டார். கூடைகள் மேலே, ஆட்கள் உள்ளே. அதற்கு மேல் அவர்கள் எதுவும் கேட்கவில்லை.

நான் அதை ஆபீஸில் சொன்னேன். சந்தோஷத்தில் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து ராமநாதபுரத்தில் ஒரு விழா. சிறந்த தலைவி என்று பண்ணை அம்மாளுக்குக் கேடயம். மேடையில் அவர் பேசினார்: "கடற்கரைச் சகோதரிகள் பஸ்ஸில் ஏற முடியாமல் தவித்தபோது, எங்கள் சங்கம்தான் முன்னின்று..." அதிகாரி சைகை காட்டினார். கை தட்டினார்கள். அடுத்ததாக அந்த அம்மாளுக்கு மாலை போட என்னைக் கூப்பிட்டார்கள்.

"என்னால முடியாது" என்றேன். மைக்குக்குப் பக்கத்தில் நின்றதால் எல்லாருக்கும் கேட்டது. இறங்கி வெளியே வந்துவிட்டேன்.

மாறுதல் உத்தரவு உடனே வந்தது. சாயல்குடிக்குத் தெற்கே, மாரியூர்ப் பக்கம். கருவாட்டுக்காரப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டு போனேன். "போங்க, அங்கனயும் ஆளுக இருக்காங்க" என்றாள்.

மாரியூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் என் பெட்டியை வாங்கிக்கொண்டார்கள். "தொண்டிப் பக்கமிருந்து சொல்லிவிட்டாக" என்றார்கள். தங்க ஒரு வீடு, குடிக்கத் தண்ணீர், எந்தத் தெருவில் யாரைப் பார்க்க வேண்டும் என்பது வரை எல்லாம் தயாராக இருந்தது.

மறுநாள் புது ஆபீஸில் கையெழுத்துப் போட்டேன். அங்கிருந்த அதிகாரி நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, அந்த ஊரில் பெரிய வீடு யாருடையது, அந்த வீட்டு அம்மாள் மேடையில் பேசுவாரா என்பது.