காலைச் சாப்பாட்டுக்குப் பொருந்தும் பியர்

என் மனைவியின் தம்பிக்குக் காலையில் பியர் குடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். அது பிடிபட்ட அன்று, வெற்று பியர் ரின்கள் எல்லாம் அவனுடையவை என்று அவளை நம்பவிட்டவனும் நான்தான். அவள் தன் ஒரே தம்பியை வீட்டை விட்டு அனுப்பினாள். இருபது வருடத்துக்கு மேலாக அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். வேறு எங்கிருந்தாவது தொடங்கினால் போகிற போக்கில் எனக்குச் சாதகமாக எதையாவது சேர்த்துவிடுவேன்.

அப்போது நாங்கள் ஊரை விட்டுப் புலம்பெயர்ந்து வந்து வோபர்னில் இருந்தோம். மச்சான் அகதியாக வந்து எங்கள் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில் தங்கியிருந்தான். நான் வேலை செய்த பாண் தொழிற்சாலையிலேயே அவனுக்கும் நைற் ஷிப்ற் எடுத்துக்கொடுத்தேன். விடிந்து, எல்லாரும் வேலைக்குப் புறப்படும் நேரத்தில் நாங்கள் உடம்பெல்லாம் மாவுடன் வீடு திரும்புவோம். மனைவி முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்தாள். நாங்கள் வருவதற்கு முன்பே போயிருப்பாள். மகளும் பள்ளிக்கூடம் போய்விடுவாள். புட்டோ இடியப்பமோ மேசையில் மூடி வைத்திருக்கும். ஊருக்கு அது காலை. எங்களுக்கு வேலை முடிந்து ஆறுகிற பின்னேரம்.

வீட்டுக்குள் மது வரக்கூடாது என்பது மனைவியின் சட்டம். அவளுடைய தகப்பன் குடித்தே செத்தவர். அந்தச் சட்டத்தில் ஒரேயொரு விலக்கு இருந்தது, அப்பம். ஊரில் அப்பமாவைப் புளிக்கவைக்கக் கள்ளு விடுவார்கள். இங்கே கள்ளுக்கு எங்கே போவது? ஈஸ்ற் போட்டுப் பார்த்தாள். பாண் மணம் வருகிறது என்று விட்டுவிட்டாள். பிறகு யாரோ சொல்லி பியர் விட்டுக் கரைத்தாள். ஓரம் மொறுமொறுத்து, நடு பஞ்சுபோல எழும்பியது. அன்று முதல் சனிக்கிழமைகளில் ஒரு ரின் பியர் வாங்கி வருவது என் பொறுப்பு. மாவுக்குப் பாதி போதும். மிச்சத்தைச் சிங்கில் ஊற்றிவிடச் சொல்வாள். நான் ஊற்றவில்லை.

அந்தப் பாதி ரின்தான் தொடக்கம். பிறகு தனியாகவும் வாங்கினேன். நான் இரசாயனம் படித்துப் பட்டம் பெற்றவன், ஊரில் சில காலம் படிப்பித்தவன். இரவெல்லாம் பாண் தட்டு இழுக்கிற ஒருவனுக்கு விளக்கம் சொல்ல ஒரு பொருள் கிடைத்தால் விடுவானா? காலைச் சாப்பாட்டுக்கு எந்த பியர் பொருந்தும் என்பதை ஒரு பாடமாகவே ஆக்கிவிட்டேன். கசப்புக் கூடின பியர் கூடாது. சம்பலின் உறைப்போடு சேர்ந்தால் நாக்கை அறுக்கும். கறுப்பு பியர் கஞ்சி குடித்ததுபோல வயிற்றில் கிடக்கும். கோதுமையில் வடித்த, கொஞ்சம் கலங்கலான பியர்தான் சரி. அதில் இயல்பாகவே ஒரு வாழைப்பழ வாசம் உண்டு. வாழைப்பழம் பிசைந்து புட்டுச் சாப்பிடுகிறவனுக்கு அதைவிடப் பொருத்தமானது எது? முக்கியமாக வெறி குறைவாக இருக்கவேண்டும். குடித்தவன் தானாக நித்திரைக்குப் போகவேண்டுமே தவிர, விழக்கூடாது.

"இது குடி இல்லையடா தம்பி," என்று அவனுக்கு முதல் ரின்னை உடைத்துக் கொடுத்தபோது சொன்னேன். "அப்பத்துக்குள்ள இருக்கிறதுதான். நாங்கள் அதைத் தனியா எடுக்கிறம், அவ்வளவுதான்."

"அப்ப அக்காவும் குடிக்கிறா எண்டு சொல்லுறியள், அத்தான்."

"அவ சாப்பிடுறா. நாங்கள் குடிக்கிறம். வயித்துக்குள்ள போனாப்பிறகு ரெண்டும் ஒண்டுதான்."

அவனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அந்தக் காலைகள் நன்றாகவே இருந்தன. அதை மறைத்து எழுதினால் இதுவும் பொய்யாகிவிடும்.

எல்லாவற்றையும் யோசித்த நான் குடிக்கிற ஆளைப் பற்றி யோசிக்கவில்லை. எனக்கு ஒரு ரின்னோடு கண் செருகும். அவனுக்கு இரண்டிலும் செருகவில்லை. சில மாதங்களில், "உங்கட கோதுமைத் தண்ணி எனக்கு ஏறுதில்லை அத்தான்," என்று வெறி கூடின பெரிய ரின்களைத் தானே வாங்கி வரத் தொடங்கினான். நான் அந்த ரின்னைத் திருப்பிப் பார்த்து, "உது காலமைக்குச் சரிவராது, மணம் கூடவாக் கிடக்கு," என்றேன். அவன் கை நடுங்குவதைப் பார்த்தும் பியரின் மணத்தைப் பற்றித்தான் பேசினேன்.

வெற்று ரின்களை மறுசுழற்சிக்கான நீலப் பெட்டியில் போட்டு வாசலில் வைத்தால் அடுத்த வீட்டு அன்ரி பார்த்துவிடுவார். கடையில் காசுக்குத் திருப்பிக் கொடுக்கப் போனால் வரிசையில் தமிழாட்கள் நிற்பார்கள். ஆகவே கறுப்புப் பைகளில் கட்டி, பேஸ்மென்றில் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸுக்குப் பின்னால் அடுக்கினோம். ஒருநாள் எறியலாம் என்று இருந்தோம். அந்த ஒருநாள் வருவதற்கு முன், காய்ச்சலோடு வேலையிலிருந்து நேரத்தோடே திரும்பிய மனைவி, வீடு குளிர்கிறது என்று கீழே போய்ப் பார்த்தாள்.

நாங்கள் படுத்திருந்தோம். அவள் கூப்பிட்ட சத்தத்தில் எழும்பி வந்தோம். ஒரு பையை அவிழ்த்து நிலத்தில் கொட்டியிருந்தாள்.

"உது ஆரின்ர?"

நான் வாய் திறந்தேன். "உம்மட தம்பியைத்தான் கேக்கவேணும்."

பொய் என்று யாரும் பிடிக்க முடியாத ஒரு வசனம். படித்தவன் புத்தி அதற்குத்தான் உதவியது. மச்சான் என்னைப் பார்த்தான். நெடுநேரம் பார்க்கவில்லை.

"ஓம் அக்கா. என்ர."

"அப்பாவைப் பாத்த பிறகுமாடா?"

அவன் குனிந்து ரின்களைப் பைக்குள் அள்ளிப் போடத் தொடங்கினான்.

"பின்னேரத்துக்குள்ள போயிடு. உன்னை நான் பெத்த பிள்ளை மாதிரித்தான் வைச்சிருந்தனான். போ."

பிக்கரிங்கில் இருந்த அவனுடைய சிநேகிதன் வீட்டுக்கு நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது அவன் சொன்னான்: "அக்காவுக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ அத்தான். நான் எண்டா அவவுக்குக் கோவம் மட்டும்தான். நீங்கள் எண்டா அவவுக்கு வீடே இல்லாமப் போயிடும்." நான் தலையாட்டினேன். திரும்பி வரும் வழியில் எனக்கு ஏற்பட்டது நிம்மதி. அதை வேறு சொல்லால் எழுத முடியாது.

அடுத்த நாளே நான் பியரை நிறுத்தினேன். திருந்தி அல்ல, பயந்து. அவ்வளவு சுலபமாக என்னால் நிறுத்த முடிந்தது. அவனால் முடியவில்லை. வேலை போனது, லைசென்ஸ் போனது. பல வருடம் சீரழிந்து, பிறகு தானாகவே விட்டு, பிந்திக் கலியாணம் செய்தான். ஒரு மகளும் பிறந்தாள். எல்லாம் மற்றவர்கள் சொல்லிக் கேட்டதுதான். அவன் பேர் எடுத்தால் மனைவி எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவாள்.

போன வருடம் எங்கள் மகள் டவுன்ரவுனில் ஒரு கடைக்குக் காலைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனாள். மெனுவில் முட்டை வகைகளுக்குக் கீழே பியர் இருந்தது. பரிமாற வந்த பையன் விளக்கினான்: கோதுமை பியர், வெறி குறைவு, கசப்பில்லை, தோடம்பழத் துண்டு போட்டுத் தருவோம், காலையில் வயிற்றுக்குப் பாரமாக இராது. நான் பேஸ்மென்றில் நடத்திய அதே பாடம்.

"அப்பா, பிரெக்ஃபஸ்ற்றுக்கு பியராம், ஸோ ஃபன்னி," என்று மகள் சிரித்தாள்.

மனைவி தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னாள்: "உதைச் சொல்லிக் குடுக்க ஆள் வைச்சிருக்கினம். என்ர தம்பி பாவி, ஒருத்தரும் சொல்லிக் குடுக்காமலே கண்டுபிடிச்சவன்."

இருபது வருடத்தில் அவள் வாயில் அவன் வந்தது அன்றுதான். அந்த மேசையிலேயே முடிவெடுத்தேன். எனக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. நான் சொல்லாமல் செத்தால் இந்தப் பொய் அவளோடு தொடர்ந்து இருக்கும்.

முதலில் பிக்கரிங் போனேன். மச்சான் தலை நரைத்து, கராஜ் வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தான். அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்றதும் பனி அள்ளும் சவலை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"இப்ப என்னத்துக்கு அத்தான்? வயசான காலத்தில அவவைத் தனிய விடப்போறியளோ?"

"நீ வேண்டாம் எண்டாலும் சொல்லத்தான் போறன். உனக்குச் சொல்லிப்போட்டுச் சொல்லுவம் எண்டு வந்தனான்."

"நான் குடிச்சது என்ர வாயாலதான். அதை நான் உங்களில போடமாட்டன்." கொஞ்சம் பனியைத் தள்ளினான். "ஆனா அண்டைக்கு நீங்கள் ஒரு ரின்னையாவது உங்கட எண்டு சொல்லியிருக்கலாம்."

இரண்டு நாள் கழித்து, மனைவி முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருக்கும்போது எதிரில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து சொன்னேன். தொடக்கியது நான், கற்றுக்கொடுத்தது நான், அந்தப் பைகளில் பாதி என்னுடையவை. காரிலிருந்து இறங்கும்போது அவன் சொன்னதையும் சொன்னேன். அவள் ஆய்வதை நிறுத்தவில்லை.

"நான் அவனைப் போகச் சொல்லேக்கை நீங்கள் எங்க நிண்டனீங்கள்?"

"உமக்குப் பக்கத்தில."

"ஓம். பக்கத்திலதான். கொஞ்சம் பொறும் எண்டு கூடச் சொல்லேல்லை."

கையைக் கழுவிவிட்டுப் போய், மகளிடம் நம்பர் கேட்டு வாங்கித் தம்பிக்குப் போன் எடுத்தாள். நம்பர் மகளிடம் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். "என்ர வீட்டைக் காப்பாத்தச் சொல்லி உன்னை ஆரடா கேட்டது?" என்று அவள் கத்தியது கேட்டது. பிறகு வெகுநேரம் அழுகை. அடுத்த நாள் மகளின் காரில் பிக்கரிங் போனாள். என்னை வரச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே சொன்னாள்: "அந்த நேரம் அவன் குடிகாரன் எண்டு நான் ஆர் ஆருக்குச் சொன்னனான் எண்டு எனக்கு ஞாபகம் இருக்கு. அவை எல்லாருக்கும் நீங்கள்தான் சொல்லவேணும். நான் சொல்லமாட்டன்."

அப்படித்தான் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போகத் தொடங்கினேன். அஜின்கோர்ட்டில் ஒருவர், "உதை ஏன் அண்ணை இப்ப கிண்டுறியள், ஆள் நல்லாத்தானே இருக்கிறான்," என்று தேத்தண்ணி ஊற்றினார். இன்னொருவர் சிரித்தார். தூரத்து உறவான ஒரு பெண் மட்டும் முகம் வெளிறிப்போனார். மச்சானுக்கு முதலில் பேசிய கலியாணத்தில், பெண் வீட்டார் விசாரித்தபோது அவன் குடிகாரன் என்று சொன்னது தான்தானாம். பேச்சு அதோடு முறிந்தது. கலியாணம் பேசிய அந்தப் பெண்ணை அவன் விரும்பியிருந்தான். இதையும் வந்து மனைவியிடம் சொன்னேன். அன்று அவள் சாப்பிடவில்லை. மச்சானுக்கும் இது பிடிக்கவில்லை. "என்னைப் பற்றி ஊரெல்லாம் திருப்பிப் பேசவைக்கிறியள்," என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனாலும் நான் நிறுத்தவில்லை.

அக்காவும் தம்பியும் இப்போது தினமும் பேசுகிறார்கள். என்னோடு மனைவி மருந்து, மழை, கதவுப் பூட்டு இவற்றைப் பற்றிப் பேசுகிறாள். அதற்கு மேல் கேட்க எனக்கு வாயில்லை.

கடைசியாக மிஞ்சியவர் மொன்றியலில் இருக்கும் அவளுடைய மூத்த அக்கா. அவருக்குக் காது மந்தம். சென்ற ஞாயிற்றுக்கிழமை போனில் கத்திக் கத்திச் சொன்னேன்.

"ஆர் குடிச்சது?"

"நான்."

"தம்பியோ?"

"இல்லை, நான். அவனுக்குப் பழக்கினதும் நான்தான்."

மனைவி அடுத்த அறையிலிருந்து வந்து போனை வாங்கினாள். "ஓம் அக்கா, இவர்தான். தம்பி பிறகுதான்," என்று நிதானமாகச் சொன்னாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, போனை என்னிடம் திருப்பித் தந்து பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

"முதலில இருந்து கேக்கவேணுமாம். சொல்லுங்கோ."

நான் முதலிலிருந்து சொன்னேன்.